படத்தில் நீலம், நேரில் சாம்பல்!

கார் வாங்குவோர், விற்போர், படம் எடுப்போர், பட்டறைக்குப் போய் வந்தோர் என நாலு பக்கத்திலிருந்தும் இந்த முறை ஒரே விஷயத்தைப் பற்றித்தான் கேள்விகள். அதனால் இந்த இதழ் முழுக்கக் கார் நிறத்துக்கே.

கே: போனில் வந்த படத்தில் கார் இளநீலம். ஆசைப்பட்டுச் சேலம் வரை போய்ப் பார்த்தால் சில்வர் கிரே! விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
*(திருப்பூர் வாசகர்)*

ஏமாற்றியது வானம். கட்டட நிழலில் நிறுத்தி எடுத்திருப்பார். நிழலில் நேர் வெயில் விழாது. அங்கே வெளிச்சம் தருவது நீல வானம்தான். சில்வர் பெயிண்டுக்குச் சொந்த நிறம் மிகக் குறைவு. எதிரே எது இருக்கிறதோ அதை வாங்கித் திருப்பிக் காட்டும். பானெட்டும் கூரையும் வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் முதலில் நீலமாவது அவைதான். கதவின் கீழ்ப்பாதி தரையைப் பார்க்கிறது. செம்மண் தரையென்றால் அங்கே லேசாகப் பழுப்பேறும். ஒரே படத்தில் மேலே நீலமும் கீழே பழுப்பும் தெரிந்தால், அது சாம்பல் அல்லது சில்வர் காராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை படம் வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். சொந்த உபயோகப் பெட்ரோல், டீசல் காரின் பிளேட் வெள்ளை என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த வெள்ளை நீலம் தட்டியிருந்தால் படம் முழுக்க நீலம் தட்டியிருக்கிறது. மஞ்சள் தட்டியிருந்தால் கார் மேலும் அதே மஞ்சள் ஏறியிருக்கிறது. நம்பரை மறைத்து அனுப்பியிருந்தால் டயரைப் பாருங்கள், தார் ரோட்டைப் பாருங்கள். இரண்டும் நிறமில்லாதவை. அவற்றில் நிறம் தெரிந்தால் அது வெளிச்சத்தின் நிறம்.

கே: கேமராவின் புரோ மோடில் 2500 கே, 5500 கே என்று எண் ஓடுகிறதே, அது என்ன?
*(காரைக்குடி வாசகர்)*

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்லும் எண். மெழுகுவத்தி சுமார் 1900. பழைய குண்டு பல்பு 2700. நடுப்பகல் வெயில் 5500 பக்கம். மேகமூட்டம் 6500. திறந்த வானத்தின் கீழுள்ள நிழல் 7000-க்கு மேல், சில நேரம் 10,000 வரைக்கும் போகும். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்.

பலர் தடுமாறுவது அடுத்த படியில். கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறதே, நீலமாக வேண்டாமா என்று கேட்கிறார்கள். நீங்கள் 7500 என்று வைத்தால், "இங்கே வெளிச்சம் நீலமாக இருக்கிறது" என்று கேமராவிடம் சொல்கிறீர்கள். அது அந்த நீலத்தைச் சரிக்கட்ட மஞ்சளைச் சேர்க்கிறது. உண்மையிலேயே நிழலில் நின்றால் நிறம் சரியாக வரும். நல்ல வெயிலில் நின்றுகொண்டு 7500 வைத்தால் வெள்ளைக் கார் தந்தக் கலராகிவிடும். இந்தச் சரிக்கட்டலை நம் கண்ணும் மூளையும் தாமாகவே செய்துகொள்கின்றன. வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்ந்த காரின் நிறம் மாறியதாக நமக்குத் தோன்றாததற்குக் காரணம் அதுதான்.

கே: என் வெள்ளைக் கார் படத்தில் அழுக்காக வருகிறது. அண்ணனின் கருப்புக் கார் வெளிறிப்போய் வருகிறது. ஒரே போன்தான்!
*(விருதுநகர் வாசகர்)*

இரண்டு காரையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கிறது கேமரா. வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு எதிரே நிற்பது வெள்ளைக் காரா, கருப்புக் காரா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரும்படிதான் அதன் கணக்கு. புகைப்படக்காரர்கள் 18 சதவீதச் சாம்பல் அட்டை என்று ஒன்றை வைத்திருப்பது இந்தக் கணக்கை ஒட்டித்தான். படம் முழுக்க வெள்ளையென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும், கருப்பென்றால் கூட்டும்.

காரின் மேல் விரலால் தொடுங்கள். பக்கத்தில் சின்னச் சூரியன் குறி வரும். வெள்ளைக் காருக்கு அதை மேலே தள்ளுங்கள், கருப்புக்குக் கீழே இறக்குங்கள். பெரிய கேமராவென்றால் வெள்ளைக்குக் கூட்டல் 1, கருப்புக்குக் கழித்தல் 1 என்று தொடங்கலாம். எச்டிஆர் வேறு சேர்ந்தால் கருப்பு இன்னும் வெளுக்கும். பல படங்களை ஒட்டி, நிழல் பகுதியைத் தூக்கிக் காட்டுவதே அதன் வேலை. கருப்புக் காருக்கு அதை அணைத்துவிடுங்கள்.

கே: கருப்புக் காரைப் படமெடுத்தால் கார் தெரியவில்லை, நானும் எதிர் வீடும்தான் தெரிகிறோம்.
*(நாகர்கோவில் வாசகர்)*

பளபளக்கும் கருப்பில் காரின் வடிவத்தைக் காட்டுவதே பிரதிபலிப்புதான். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2019-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ ஒரு எக்ஸ்6 காரை நிறுத்தியது. விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 99 சதவீதத்தை விழுங்கிவிடும் வாண்டாபிளாக் வகைப் பூச்சு அதற்கு. பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கே வளைவுகள் புலப்படவில்லை. விளக்குகளும் கண்ணாடிகளும் ஒரு கரிய வடிவத்தின் மேல் மிதந்தன.

ஆகவே பிரதிபலிப்பை ஒழிக்கப் பார்க்காதீர்கள், தேர்ந்தெடுங்கள். விளம்பரப் படம் எடுப்பவர்கள் காருக்கு விளக்குப் போடுவதைவிட, காருக்கு மேலே தொங்கும் பெரிய வெள்ளைத் துணிக்குத்தான் அதிகம் விளக்குப் போடுவார்கள். அந்தத் துணி பானெட்டில் விழும்போது தெரிகிற வெள்ளைக் கோடுதான் நாம் ரசிக்கும் அந்த ‘லைன்’. உங்களுக்கு அந்தத் துணி, சூரியன் உதிக்கும் முன்புள்ள வெளுத்த வானம். எதிரே வீடில்லாத வெட்டவெளிக்குப் போங்கள், தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள், அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் போலரைசர் ஃபில்டரை மாட்டிச் சுழற்றினால், கதவின் மேல் படியும் வெள்ளைத் திரை விலகி அடியிலிருக்கும் நிறம் ஆழமாக வரும். முழுவதுமாக விலக்கிவிடாமல் பாதியில் நிறுத்துங்கள். மொத்தமும் போனால் கார் உயிரில்லாமல் இருக்கும்.

கே: சிவப்புக் கார் மட்டும் வளைவு நெளிவு தெரியாமல் ஒரே தகடாக வருகிறது. சில சமயம் ஆரஞ்சு அடிக்கிறது. ஏன்?
*(தஞ்சாவூர் வாசகர்)*

எல்லாக் கார்களிலும் கேமராவை அதிகம் திணறடிப்பது சிவப்பு. காரணத்தைச் சென்சாரிலிருந்தே பார்க்க வேண்டும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில், போன்களில் இருக்கிறது. சென்சார் புள்ளிகளில் பாதிக்குப் பச்சை வடிகட்டி, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம்.

வெயிலில் நிற்கும் அடர்சிவப்புக் காரின் மேல், சிவப்புப் புள்ளிகள் விளிம்புவரை நிரம்புகின்றன; பச்சையும் நீலமும் ஏறக்குறையக் காலி. வெளிச்ச அளவீட்டில் பச்சைக்கே எடை அதிகம் என்பதால், இந்தக் காட்சி இருட்டாக இருக்கிறது என்று கேமரா முடிவு கட்டி வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே நிரம்பிய சிவப்புக்கு மேலே போக இடமில்லை. கதவின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே உச்ச அளவு பதிவாகிறது. அதுதான் நீங்கள் சொன்ன தகடு. அப்போதும் பச்சை மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறது. சிவப்போடு பச்சை கலந்தால் ஆரஞ்சு.

வெளிச்சத்தை முக்கால் படியிலிருந்து ஒரு படி வரை குறைத்து எடுங்கள். திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரியட்டும், பிறகு தூக்கிக்கொள்ளலாம். வழிந்துபோனதை மீட்க முடியாது. ரா வடிவில் எடுத்தால் இன்னும் நல்லது. காரை முகத்துக்கு முகம் நெருங்கிப் படத்தைச் சிவப்பாலேயே நிரப்பாதீர்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், "எல்லாமே சிவப்பாக இருக்கிறதே, விளக்குதான் சிவப்பு போல" என்று எண்ணி நிறத்தை உறிஞ்சிவிடும். நாலடி பின்னே வந்து கொஞ்சம் தார் ரோட்டையும் சேர்த்து எடுத்தால் அதற்குப் புத்தி வரும்.

இவ்வளவும் செய்தாலும் சில சிவப்புகள் திரையில் முழுதாக வராது. இணையப் படங்கள் பெரும்பாலும் 1996-ல் வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண எல்லைக்குள் அடங்கியவை. மஸ்தாவின் சோல் ரெட் போல, ஒளியைத் திருப்பும் அடுக்கு ஒன்று, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு அடுக்கு, அதற்கும் மேல் கிளியர் கோட் என்று கட்டிய நிறங்கள் அந்த எல்லையை எளிதில் தாண்டும். அவற்றை நேரில்தான் பார்க்க வேண்டும்.

கே: ஷோரூமில் மங்கலாகத் தெரிந்த அதே சிவப்பு, வெளியே வந்ததும் ஜொலித்தது. மெழுகு போட்டார்களா?
*(பாண்டிச்சேரி வாசகர்)*

இல்லை. ஷோரூமின் எல்இடியில் சிவப்பு குறைவு. வெள்ளை எல்இடி என்பது நீல விளக்கின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. மலிவானவற்றில் அடர்சிவப்பு அலைகள் சொற்பம். விளக்கில் இல்லாத நிறத்தைக் கார் எங்கிருந்து எடுத்துத் தரும்? நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று விளக்கின் பெட்டியில் போட்டிருக்கும் சிஆர்ஐ எண்ணையும் இதில் நம்ப முடியாது. அந்தச் சராசரி எட்டு வெளிர்நிறங்களை வைத்துப் போடுவது. ஒன்பதாவதான அடர்சிவப்பு அதில் சேராது. நிறம் முடிவு செய்வதற்கு முன் டெமோ காரை வாசலுக்கு எடுக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கே: ஷோரூம் படங்களில் கார் மேல் பட்டை பட்டையாக வருகிறதே?
*(கரூர் வாசகர்)*

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வையுங்கள். போய்விடும்.

கே: இரவில் இடித்துவிட்டுப் போன காரை நீலம் என்கிறார் கண்ணால் கண்ட சாட்சி. சிசிடிவியில் வெளிர்நிறமாக இருக்கிறது. யார் சொல்வது உண்மை?
*(சென்னை வாசகர்)*

இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம். இருட்டியதும் பல சிசிடிவி கேமராக்கள் அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக் கருப்பு வெள்ளைக்கு மாறிவிடும். கண்ணுக்கு அடர்நீலமாகத் தெரியும் சில பெயிண்டுகள் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். கேமராவில் அவை வெளிர்நிறமாக விழும். கார்பன் கலந்த கருப்பு மட்டும் அங்கேயும் கருப்பாகவே இருக்கும். அகச்சிவப்புப் பதிவை வைத்து ஒரு காரின் நிறத்தைச் சொல்லக் கூடாது. வடிவத்தையும் விளக்கின் அமைப்பையும் பாருங்கள்.

சாட்சியிடமும் ஒன்று கேட்க வேண்டும்: அந்த இடத்தில் என்ன விளக்கு? பழைய மஞ்சள் சோடியம் விளக்கென்றால் கண்ணையும் நம்ப முடியாது. தாழ்அழுத்த சோடியம் விளக்கு ஏறக்குறைய 589 நானோமீட்டர் என்ற ஒற்றை மஞ்சளை மட்டுமே தரும். அதன் கீழே நீலமும் சிவப்பும் பழுப்பாகவோ கருப்பாகவோதான் தெரியும். உயர்அழுத்த வகை கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் மோசம்தான். நிறம் தப்பாகச் சொன்னதாலேயே ஒரு சாட்சியைப் பொய்யர் என்று ஒதுக்கிவிடக் கூடாது, நிறம் ஒத்துப்போகிறது என்பதாலேயே ஒருவரைப் பிடித்து உட்கார வைக்கவும் கூடாது.

கே: மாலை வெயிலில் எடுத்த படத்தை நம்பலாமா?
*(கும்பகோணம் வாசகர்)*

அழகை நம்பலாம். நிறத்தை நம்பக் கூடாது.

கே: அந்தி சாய்ந்த பிறகு என் சிவப்புக் கார் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிகிறது. போனில் எடுத்தால் சிவப்பு பளிச்சென்று வருகிறது. இங்கே கண் தவறா?
*(ஊட்டி வாசகர்)*

கேமரா சரி, கண் இருட்டுக்குப் பழகிவிட்டது. மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணின் கூம்புசெல்கள் ஓய்ந்து கோல்செல்கள் பொறுப்பேற்கும். கோல்செல்லுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 1819 வாக்கில் சிவப்புப் பூக்கள் மங்கல் வெளிச்சத்தில் கருத்துப்போவதைக் கவனித்தார்; அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறோம். சிவப்புக் கார் ஓட்டுபவர்கள் அந்தியில் விளக்கைச் சீக்கிரமே போடுங்கள். எதிரே வருபவருக்கு உங்கள் கார் தெரியாது.

கே: மெட்டாலிக், பேர்ல் இரண்டும் ஒன்றுதானா? நடக்க நடக்க நிறம் மாறும் கார் எப்படி?
*(காஞ்சிபுரம் வாசகர்)*

மெட்டாலிக்கில் பொடிப்பொடி அலுமினியச் செதில்கள். நேராகப் பார்த்தால் பளிச்சிடும், சாய்வாகப் பார்த்தால் இருளும். பேர்லில் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்காச் செதில்கள். ஒளி அந்த மெல்லிய படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பி, ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நிறம் காட்டும். உங்கள் ஊர் மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிறது அல்லவா? காரில் காரணம் வேறு, கண்ணுக்குக் கிடைப்பது அதுவே. இதை உச்சத்துக்குக் கொண்டுபோன கார் 1996-ம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவின் ‘மிஸ்டிக்’ நிறம். ஒரே கதவில் பச்சை, ஊதா, பொன் எல்லாம் தெரியும். இப்படிப்பட்ட காரை ஒரே படத்தில் காட்ட முடியாது. வீடியோ எடுத்தபடி ஒரு சுற்று நடந்துவாருங்கள்.

கே: உரசிய பின்கதவுக்கு மட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்தேன். வண்டியை எடுக்கும்போது சரியாகத்தான் இருந்தது. வீட்டில் போட்டோ எடுத்தால் அந்தக் கதவு தனியாகத் தெரிகிறது. காசைத் திருப்பிக் கேட்கலாமா?
*(கோவை வாசகர்)*

போட்டோவைக் காட்டிக் கேட்காதீர்கள். காரை ஓட்டிப்போய் வெயிலில் நிறுத்திக் கேளுங்கள்.

பெயிண்டர் என்ன செய்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் கலர் கோடைப் பார்த்துக் கலக்குகிறார். அந்தக் கோடு தொடக்கம்தான். அதே கோடுள்ள இரண்டு கார்களுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு, வெயிலில் நின்ற வருஷங்கள் வேறு உண்டு. ஒரு அட்டையில் அடித்து, காயவைத்து, கிளியர் கோட் போட்டு, பட்டறை வாசலுக்கு எடுத்துவந்து முன்கதவோடு சேர்த்துப் பிடிக்கிறார். நேராகப் பார்க்கிறார், பிறகு குனிந்து பக்கவாட்டில் பார்க்கிறார். ஒரு சொட்டு கருப்பு, மறுபடி அட்டை. நிறம் அமைந்த பிறகும் கை இருக்கிறது. ஸ்ப்ரே கன்னை நெருக்கிப் பிடித்து ஈரமாக அடித்தால் செதில்கள் அடியில் போய் நிறம் இருளும். தள்ளிப் பிடித்து வறட்சியாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பாப் பெயிண்ட், இரண்டு நிறம்.

இனி உங்கள் போட்டோ. நீங்கள் பார்ப்பது ஒரே கோணம், ஒரே வெளிச்சம். பெயிண்ட் நிறுவனங்கள் மெட்டாலிக் நிறத்தை அளக்கும் கருவிகள் 15, 25, 45, 75, 110 டிகிரி என்று பல கோணங்களில் அளந்த பிறகே முடிவு சொல்கின்றன. வெயிலில் ஒத்துப்போகும் இரண்டு பெயிண்டுகள், பிக்மென்ட் வேறாக இருந்தால் உங்கள் போர்ட்டிகோ விளக்கின் கீழ் பிரிந்து தெரியும். போனின் ஃபிளாஷ் நேரெதிரே அடித்துச் செதில்களை உசுப்பிவிடும்.

காலைப் பத்து மணி வெயிலில் பத்தடி தள்ளி நின்று, நாலு பக்கமிருந்தும் பாருங்கள். எங்கிருந்து பார்த்தாலும் கதவு தனியாகத் தெரிந்தால் வேலையில் குறை. திருத்தித் தரச் சொல்லலாம். ஒரு கோணத்தில் மட்டும் தெரிந்தால் மன்னித்துவிடுங்கள். அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: பக்கத்துக் கதவுக்குள்ளும் நிறத்தைக் கரைத்துக்கொண்டே போய், இரண்டுக்கும் சேர்த்துக் கிளியர் கோட் அடிப்பது. பிளெண்டிங் என்பார்கள். செலவு கூடும். "அடிபட்ட கதவு மட்டும் போதும்" என்று நாம் சொல்லிவிட்டு, இருட்டில் எடுத்த ஒரு படத்தை வைத்துக் கூலியைப் பிடித்தம் செய்வது அநியாயம். மாஸ்க் கூட இல்லாமல் தின்னர் வாசத்தில் நின்று செய்கிற வேலை அது.

கே: வாங்கப் பார்க்கும் காரின் படங்களில் பம்பர் நிறம் மட்டும் லேசாக மாறுகிறது. விபத்தில் அடிபட்ட காரா?
*(திருச்சி வாசகர்)*

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பம்பர் பிளாஸ்டிக். இரும்பு பாடியை 140 டிகிரி பக்கத்தில் சுட்டு எடுப்பார்கள். பிளாஸ்டிக் அதைத் தாங்காது என்பதால் தனியாகக் குறைந்த சூட்டில் பெயிண்ட் ஆகிறது. புதுக் காரிலேயே லேசான வித்தியாசம் இருக்கும், போட்டோ அதைப் பெரிதாக்கும். சந்தேகம் இருப்பது கதவிலோ ஃபெண்டரிலோ என்றால் பெயிண்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். கம்பெனிப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். 300-ஐத் தாண்டினால் மறுபெயிண்ட் என்று எண்ணலாம். பல நூறு என்றால் உள்ளே பட்டி இருக்கிறது. சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது.

கே: ஒரே படம். என் போனில் பச்சை, மனைவியின் போனில் சாம்பல். வீட்டில் சண்டை!
*(மதுரை வாசகர்)*

முதலில் இரண்டு போனிலும் கண் பாதுகாப்பு மோடை அணையுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்குவது அதுதான். பிறகு டிஸ்ப்ளேயை ‘விவிட்’டிலிருந்து ‘நேச்சுரல்’-க்கு மாற்றுங்கள். இரண்டும் செய்தபிறகு பெரும்பாலும் ஒத்துப்போகும். அப்போதும் சண்டை தொடர்ந்தால், 2015-ல் ஒரே உடையின் படத்தைப் பார்த்து உலகமே நீலம்-கருப்பு, வெள்ளை-பொன் என்று இரண்டாகப் பிரிந்ததைச் சொல்லுங்கள். அங்கே ஒரே திரையைப் பார்த்தவர்களே பிரிந்தார்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருவர் மூளையும் செய்துகொண்ட ஊகம் வேறு. உடை உண்மையில் நீலமும் கருப்பும்.

கே: என் அடர்பச்சைக் கார் படத்தில் ராணுவப் பச்சையாகத் தெரிகிறது. சிக்கல் வருமா?
*(வேலூர் வாசகர்)*

படத்துக்கு வராது. காருக்கே அந்த நிறம் அடித்தால் வரும். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டும் உரியது.

கே: காரை விற்கப் போகிறேன். நிறம் உள்ளபடி தெரிய எப்படி எடுப்பது?
*(ஈரோடு வாசகர்)*

கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு எடுங்கள். நேரம் காலை எட்டரை முதல் பத்து வரை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். தென்னந்தோப்பு வேண்டாம், இலை வழியே வரும் வெளிச்சம் பச்சையேற்றும். பெயிண்ட் அடித்த காம்பவுண்டுச் சுவரும் வேண்டாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து வெயில் குறியில் நிறுத்துங்கள். ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். ஒரு படத்தில் கதவோடு சேர்த்து ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி எடுங்கள். வாங்குபவர் எந்தப் போனில் பார்த்தாலும் ஒப்பிட்டுக்கொள்வார். நிழலில் ஒன்று, கலர் கோடு ஸ்டிக்கரை ஒன்று. ஆர்சியில் உள்ள நிறத்தின் பெயரை விளம்பரத்தில் அப்படியே எழுதுங்கள்.

வாங்கப் போகிற வாசகர்களுக்கும் ஒன்று. இரவில் வரச் சொன்னால் போகாதீர்கள். பகலில் போய், காரை வெயிலுக்கு எடுக்கச் சொல்லி, சுற்றி வந்து பாருங்கள். அட்வான்ஸை அதற்குப் பிறகு கொடுங்கள்.